ஒரே பிள்ளை

பட்டினப்பாக்கம், சென்னை
21 ஜனவரி 2025

அன்புத் தங்கை ஜெனிக்கு,

அண்ணன் அஜித் எழுதுகிறேன். நைனாவும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. லூப் ரோடு மீன் அங்காடியில் விடிந்ததிலிருந்து தரையில் உட்கார்ந்தால் வலிக்காமல் என்ன செய்யும்? ஒரு ஸ்டூல் வாங்கிக் கொடுத்தேன். அதன்மேல் ஐஸ் பெட்டியை வைத்துவிட்டுப் பழையபடி தரையிலேயே உட்காருகிறாள்.

கன்னியர் மடத்தில் போன் கிடையாது, மாதம் ஒரு கடிதம்தான் என்று நீ சொன்னபோது, இந்தக் காலத்தில் எவன் கடிதம் எழுதுவான் என்று சிரித்தவன் நான். இப்போது மனதில் இருப்பதைச் சொல்ல உன்னை விட்டால் ஆள் இல்லை.

ஹம்சினியை உனக்கு நினைவிருக்கும். தி.நகரில் எங்கள் டைரக்டர் ஸ்ரீநாத் சாரின் அலுவலகத்துக்கு சப்டைட்டில் எழுத வருகிற பெண். அவள் வீட்டில் என்னைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். போன ஞாயிறு மயிலாப்பூருக்குச் சாப்பிடப் போனேன். அப்பா சுப்பராமன், கல்லூரியில் கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா விஜயலக்ஷ்மி, போஸ்ட் மாஸ்டராக இருந்தவர். ஒரே மகள். ஹம்சினி அவர்களிடம் பெரிதாக எதுவும் சொல்லவில்லை. "சினிமாவில் இருக்கார், மத்ததை அவரே சொல்வார்" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தாள்.

அந்த மற்றதில்தான் மாட்டிக்கொண்டேன், ஜெனி. இலையில் உட்கார்ந்ததும் மாமா கேட்டார்: "அப்பா என்ன பண்றார்?"

மீன் பிடிக்கிறார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "கடல் உணவு ஏற்றுமதி" என்று வந்தது. மாமி கையில் கரண்டியோடு நின்றுவிட்டார். "அப்போ ஆத்துல எல்லாரும் சாப்பிடுவேளோ?" என்று கேட்டார். "ஐயோ மாமி, தொடவே மாட்டோம். வியாபாரம் மட்டும்தான்" என்றேன். வீடு எங்கே என்றார்கள். எங்கள் படப்பிடிப்பு நடக்கிற பாலவாக்கம் பங்களாதான் கண்முன் வந்தது. பாலவாக்கம் என்றேன். ஹம்சினி மேஜைக்கடியில் என் காலை மிதித்த மிதியில் கட்டைவிரல் நகம் இன்னும் கறுப்பாக இருக்கிறது.

பாகற்காய் பிட்லை எப்படி இருக்கிறது என்று மாமி கேட்டார். எனக்குப் பாகற்காய் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். "உயிர்" என்றேன். இனி ஒவ்வொரு ஞாயிறும் வரவேண்டுமாம், ஒவ்வொரு ஞாயிறும் பிட்லை பண்ணுவாராம்.

படியிறங்கும்போது ஹம்சினி கேட்டாள்: "உள்ளே உக்காந்து பேசினது யாரு?"

நாங்கள் எடுக்கிற படமும் இதேதான். பெண் வீட்டாரிடம் நல்ல பேர் வாங்க ஒருவன் படுகிற பாடு. காமெடி. செட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் வேறு வேலை தேடிப் போய்விடுகிறேன்.

உன் அண்ணன்,
அஜித்


நவதுறவகம், திண்டுக்கல்
9 பிப்ரவரி 2025

பாகற்காய் பிரியரான என் அண்ணனுக்கு,

உன் கடிதம் வந்தது. முதலில் ஒரு விஷயம். இங்கே வருகிற கடிதங்களை மதர் வாசித்துவிட்டுத்தான் தருவார்கள். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது மதர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "உன் அண்ணனுக்கு நகம் சரியாகிவிட்டதா?" என்றார். இனி எழுதும்போது அதை நினைவில் வை.

நான் நன்றாக இருக்கிறேன். இந்த மாதம் எனக்கு அடுப்படி வேலை. முப்பது பேருக்கு ரசம் வைக்கிறேன். வெள்ளிக்கிழமை மீன் வந்தது. மதுரையிலிருந்து ஐஸில் வந்த மீன். அம்மா பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பாள். நான் செவுளைத் தூக்கிப் பார்ப்பதைக் கண்டு என்னோடு பயிற்சியில் இருக்கிற மற்ற நவதுறவிகள் சிரித்தார்கள். மீன்காரி மகள் என்று சொன்னேன். அன்றிலிருந்து மீன் வாங்குகிற பொறுப்பும் என் தலையில்.

மே 31 அன்று எனக்கு முதல் வார்த்தைப்பாடு. அன்றைக்குத்தான் நான் சிஸ்டர் ஆகிறேன். வீட்டிலிருந்து நான்கு பேர் வரலாம். நைனா, அம்மா, நீ. நான்காவதாக ஹம்சினியை அழைத்து வருவாயா? எனக்கு அவளைப் பார்க்க வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக நினைக்காதே. நைனாவை ஏற்றுமதியாளர் ஆக்கிவிட்டாய். என்னைப் பற்றி என்ன சொன்னாய்? தங்கை மடத்தில் இருக்கிறாள் என்றதும் அவர்கள் என்ன சொன்னார்கள்? அதை எழுதாமல் விட்டுவிட்டாயே.

அம்மாவின் முழங்காலுக்காக ஜெபிக்கிறேன். ஸ்டூலில் உட்காரச் சொல்.

பாசத்துடன்,
ஜெனிதா


பட்டினப்பாக்கம்
17 மார்ச் 2025

அன்பு ஜெனி,

(வணக்கம் மதர். நகம் விழுந்து புதிது முளைக்கிறது.)

ஒன்பது ஞாயிறு ஆகிவிட்டது. ஒன்பது பிட்லை. அவர்கள் மோசமானவர்களாக இருந்தால் தப்பித்திருப்பேன். மாமி, நான் வருவதற்கு முன்பே எனக்குத் தனியாக அப்பளம் பொரித்து வைக்கிறார். மாமா தன் பழைய கைக்கடிகாரத்தை என் கையில் கட்டிவிட்டு, "எனக்குப் பிள்ளை இருந்தா அவனுக்குத்தான்" என்றார். ஒவ்வொரு வாரமும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியேறுகிறேன். ஒவ்வொரு வாரமும் போன வாரப் பொய்க்கு முட்டுக் கொடுத்துவிட்டு இறங்குகிறேன். ஏற்றுமதி கொரியாவுக்கு என்று சொல்லியிருந்தேன். மாமா கொரியாவைப் பற்றி ஒரு புத்தகம் வாங்கிப் படித்துக்கொண்டிருக்கிறார்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். மாமா தினமும் காலையில் கலங்கரை விளக்கம் வரை நடப்பவர். நேற்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். திரும்பும்போது, "லூப் ரோடு வழியாப் போகலாம். நான் சாப்பிடறதில்லையே தவிர, மீன் கடையைப் பார்த்துண்டே நடக்கறது எனக்குப் பிடிக்கும்" என்றார். வயிற்று வலி என்று சொல்லிப் பார்த்தேன். நடந்தால் சரியாகிவிடும் என்றார்.

அம்மா எங்களைப் பார்த்துவிட்டாள். என் பேரைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், ஜெனி. ஒரு நொடிதான். அவளுக்குப் புரிந்துவிட்டது.

"வாங்க சார், வாங்க. வஞ்சரம் கீது, சங்கரா கீது, இன்னா வோணும்?"

மாமா, "பார்க்கத்தான்மா வந்தோம், நாங்க சைவம்" என்று சிரித்தார்.

"பாருங்க சார், பாக்கறதுக்கு இன்னா" என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "இந்த சாரும் சைவமா?" என்றாள்.

நான் தலையை ஆட்டினேன். அவள் குனிந்து செதில் சுரண்ட ஆரம்பித்துவிட்டாள்.

சாயங்காலம் வீட்டில் எனக்குச் சோறு போடும்போது அவளேதான் பேச்செடுத்தாள். "அந்தப் பெரியவரு நல்ல மனுசனா கீறாரு. நீ பயப்படாத கண்ணு. நான் வாயே தொறக்க மாட்டேன்" என்றாள்.

இன்று ஆபீசில் ஸ்ரீநாத் சார் இடைவேளைக்கு முன்னால் ஒரு நல்ல சீன் இல்லையே என்று புலம்பிக்கொண்டிருந்தார். பாரம் தாங்காமல், நண்பன் ஒருவனுக்கு நடந்ததாக இதைச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதுதான்யா இன்டர்வெல்!" என்றார். படத்தில் வைத்துவிட்டார். வசன உதவி என்று என் பேரும் போடுகிறாராம்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான், இல்லையா?

அஜித்


திண்டுக்கல்
6 ஏப்ரல் 2025

அண்ணா,

அம்மா உன்னை சார் என்று கூப்பிட்ட இடத்தை மூன்று முறை படித்தேன். மதர் இந்த முறை கேலி செய்யவில்லை. கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "தோட்டத்தில் கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வா" என்றார்.

நீ பயந்தவன். சின்ன வயதில் அலைக்குப் பயந்து நைனாவின் தோளிலிருந்து இறங்கமாட்டாய். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. ஆனால் அம்மாவை அந்தப் படத்தில் ஏன் வைத்தாய்? அவள் உனக்காக வாயை மூடிக்கொண்டாள். ஊர் சிரிப்பதற்காக அல்ல.

நான் கேட்ட கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய் என்று முதலில் நினைத்தேன். நீ மறக்கிற ஆள் இல்லை.

வார்த்தைப்பாட்டுக்கு வருகிறவர்களின் பெயர்களை இந்த மாதம் தரவேண்டும். நான்கு பெயர்களையும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜெனிதா


பட்டினப்பாக்கம்
12 மே 2025

ஜெனி,

இந்தக் கடிதத்தை மூன்று முறை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

முதல் நாளே மாமி கேட்டார்: "கூடப் பிறந்தவா எத்தனை பேர்?" தங்கை ஒருத்தி என்றால், என்ன செய்கிறாள் என்று கேட்பார்கள். மடத்தில் இருக்கிறாள் என்றால், நாம் யார், எந்தக் கோயிலுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்துவிடும். என் பேரில் அது தெரிவதில்லை. ஒரு நிமிஷம் யோசித்தேன். நான் ஒரே பிள்ளை என்று சொல்லிவிட்டேன்.

சொல்லிவிட்டேன், ஜெனி. அதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

இப்போது சுற்றிலும் கதவு சாத்திவிட்டது. என் அப்பா அம்மாவைப் பார்க்க மாமாவும் மாமியும் பாலவாக்கம் வருகிறார்களாம். நாள் பார்த்துக் குறித்ததும் அவர்கள்தான். மே 31. ஸ்ரீநாத் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவருக்கு இதுவும் காமெடிதான். பங்களாவை ஒருநாள் கேட்டு வாங்கித் தருகிறாராம். படத்தில் அப்பா அம்மாவாக நடித்த இருவரையும் அனுப்புகிறாராம். "வசனம்கூட அவங்களுக்குப் பாடம்யா" என்கிறார்.

ஹம்சினிக்கு இது தெரிந்ததிலிருந்து அவள் என்னோடு பேசுவதில்லை. "நீ சொல்லு. இல்லேன்னா நான் சொல்றேன்" என்றாள். படம் 30ஆம் தேதி வெளியாகிறது, அதுவரை பொறு என்று கெஞ்சியிருக்கிறேன். அவள் முதல் நாளே உண்மையைச் சொல்லச் சொன்னவள். பொய்யைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவன் நான்தான். அந்த வீட்டில் எனக்குக் கிடைக்கிற மரியாதை ஏற்றுமதியாளர் மகனுக்குக் கிடைப்பது. மீனவன் மகனுக்கும் அது கிடைக்குமா என்று கேட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

31ஆம் தேதி என்னால் வர முடியாது. நைனாவும் அம்மாவும் வருவார்கள். ஷூட்டிங் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

அண்ணன்


திண்டுக்கல்
18 மே 2025

அண்ணா,

இது மாதக் கணக்கில் சேராத கடிதம். மதரிடம் தனியாக அனுமதி கேட்டு எழுதுகிறேன்.

நானும் வீட்டை விட்டுத்தான் வந்தேன். கடலை விட்டேன், பிடித்த துணிகளை விட்டேன், போனை விட்டேன். ஆனால் எவரையும் இல்லை என்று சொல்லிவிட்டு வரவில்லை. இங்கே சேரும்போது நிரப்பிய படிவத்தில் உடன்பிறந்தோர் என்ற இடத்தில், அண்ணன் ஒருவர் என்று எழுதினேன். அவர் என்ன வேலை செய்கிறார் என்றும் ஒரு கேள்வி இருந்தது. சினிமாவில் இருக்கிறார், ஒருநாள் பெரிய ஆளாக வருவார் என்று எழுதினேன். அவ்வளவு எழுத அதில் இடம் இல்லை. ஓரத்தில் எழுதினேன்.

வருகிறவர்களின் பெயர்களில் மாற்றம் உண்டா என்று மதர் கேட்டார். இல்லை என்று சொன்னேன்.

ஜெனிதா


பட்டினப்பாக்கம்
5 ஜூன் 2025

அன்பு ஜெனி, இனி சிஸ்டர் ஜெனிதா,

வெள்ளைச் சேலையில் நீ நடந்து வந்தபோது நைனா அழுததை நீ பார்த்திருக்க மாட்டாய். தூணுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். சாப்பாட்டு நேரத்தில் நீ என்னைப் பார்த்து, "எப்படி வந்தாய்?" என்று மட்டும் கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் ரயிலில் என்று சொல்லி முடித்துவிட்டேன். நடந்தது இதுதான்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு நைனாவையும் அம்மாவையும் ராயப்பேட்டையில் ஒரு தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். மகன் பேர் திரையில் வருகிறதென்று அம்மா நல்ல புடவை கட்டி, பூ வைத்திருந்தாள். பேர் வந்தபோது, "தோ, தோ" என்று முன் சீட்டுக்காரரைத் தட்டிக் காட்டினாள். அப்புறம் அந்த சீன் வந்தது. மீன்காரி பெற்ற மகனை சார் என்று கூப்பிடுகிறாள். தியேட்டரே அதிர்ந்தது. நைனா என் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு முன்னால் பார்த்துக்கொண்டார். அம்மாவும் சிரித்தாள், ஜெனி. எல்லோரும் சிரிக்கிறார்களே என்று சிரித்தாள். அப்புறம் இருட்டில் என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு, "நல்லா சிரிக்கறாங்க இல்ல? உனுக்கு நல்ல பேரு வரும்டா" என்றாள்.

அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. அவர்களை வீட்டில் விட்டுவிட்டு மூன்று மணிக்கு மயிலாப்பூர் போனேன். சாயங்காலக் காட்சிக்குக் கிளம்ப மாமி புடவை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். உட்காராமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நைனா, அம்மா, மதம், பாலவாக்கம், மறுநாள் வரவிருந்த நடிகர்கள், எல்லாம். கடைசியாக உன்னைச் சொன்னேன்.

மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம், "அந்தம்மாவா உங்கம்மா?" என்றார். "நான் அந்தப் பக்கம் போறச்சே எல்லாம் கேப்பா. 'அன்னிக்கி கூட வந்துச்சே ஒரு புள்ள, அது நல்ல புள்ளயா சார், உங்களுக்குப் பிடிச்சிருக்கா'ன்னு. பேச்சுக்குக் கேக்கறாள்னு நினைச்சுண்டிருந்தேன்."

எனக்கே அது தெரியாது, ஜெனி.

மாமி மீனைப் பற்றிப் பேசவில்லை, மதத்தைப் பற்றிப் பேசவில்லை. அதையெல்லாம் பேசுவார் என்றுதான் பதில் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "கூடப் பிறந்த தங்கையையே இல்லேன்னு சொன்னவன், நாளைக்கு எங்கே நின்னுண்டு என் பொண்ணை இல்லேன்னு சொல்லுவான்?"

கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு வந்தேன். ஹம்சினி படிவரை வந்தாள். "நாலு மாசம் முன்னாடி இதைச் சொல்லியிருக்கலாமே அஜித்" என்றாள். அழுதிருந்தாள். அங்கிருந்து நேராக எழும்பூர். நைனாவும் அம்மாவும் ஏறியிருந்த பெட்டியைத் தேடிப் பிடித்து ஏறினேன். ஷூட்டிங் ரத்து என்று சொன்னேன். பார், இன்னும் ஒரு பொய். மயிலாப்பூரில் நடந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் அம்மா தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொள்வாள்.

உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. எழுதியாவது வைக்கிறேன்.

அஜித்


திண்டுக்கல்
22 ஜூன் 2025

அன்பு அண்ணா,

கோபம் இருந்தது. நீ கோயிலில் கடைசி வரிசையில் நின்றதைப் பார்த்ததும் பாதி போய்விட்டது. மீதி போக நாளாகும். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

போன வாரம் எனக்கு ஒரு இன்லண்ட் கடிதம் வந்தது. அனுப்பியவர் விஜயலக்ஷ்மி சுப்பராமன், மயிலாப்பூர். ஹம்சினியிடம் முகவரி வாங்கியிருக்கிறார். முத்து முத்தான கையெழுத்து. என்னைப் பார்க்காமலே நீங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார். ஹம்சினி சாப்பிடாமல் கிடக்கிறாளாம். உன்னைப் பற்றி யாரிடம் கேட்பது என்று யோசித்தாராம். "அவனால் மறைக்கப்பட்டவர் நீங்கள். அதனால் உங்களைத்தான் கேட்கத் தோன்றுகிறது. இனி அவன் பொய் சொல்லமாட்டான் என்று உங்களால் எழுதித் தர முடியுமா?" என்று கேட்டிருந்தார்.

இரண்டு நாள் யோசித்தேன். முடியாது என்று எழுதிவிட்டேன்.

உனக்கு இது வலிக்கும். ஆனால் உனக்காக நானும் ஒரு பொய் எழுதினால் அப்புறம் நம் வீட்டில் எவர்தான் மிச்சம்? என் அண்ணன் பயந்தால் பொய் சொல்லுவான், பயம் அவனை விட்டு இன்னும் போகவில்லை என்று எழுதினேன். அவன் உங்களிடம் உண்மையைச் சொன்னது நீங்கள் கண்டுபிடித்ததால் அல்ல, அவனாகவே வந்து சொன்னான், அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் எழுதினேன். அவனைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் லூப் ரோட்டில் எங்கள் அம்மாவிடம் போய்க் கேளுங்கள், காலை பத்து மணிக்குமேல் கூட்டம் குறைவாக இருக்கும் என்று முடித்தேன்.

அதற்குமுன் நீ அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடு. தள்ளிப் போடாதே.

உன் தங்கை,
ஜெனிதா


பட்டினப்பாக்கம்
7 ஜூலை 2025

ஜெனி,

தள்ளித்தான் போட்டேன். இன்றைக்கு, நாளைக்கு என்று இருப்பதற்குள் மாமாவும் மாமியும் அங்காடிக்குப் போய்விட்டார்கள்.

சனிக்கிழமை மாமி போன் செய்தார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்தக் குரல். நான் வணக்கம் சொல்வதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"உங்கம்மாவைப் பார்த்துட்டு வரோம். பக்கத்துல உக்காந்து, நீங்கதானே அஜித்குமாரோட அம்மான்னு கேட்டேன். என்ன சொன்னா தெரியுமோ? 'எனுக்குப் புள்ளயே கெடையாதும்மா. ஒரே பொண்ணு, சாமிகிட்ட குட்த்துட்டேன். நீங்க சொல்ற புள்ள யாருன்னே தெரியாது. ஆனா தங்கமான புள்ளன்னு பேசிக்கறாங்க'ன்னா. உன்னை மாதிரி இல்லைப்பா. ஒரு தடுமாற்றம் இல்லாம சொன்னா. ஆனா வெட்டின மீனையே திரும்பத் திரும்ப வெட்டிண்டிருந்தா."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"நீ இன்னும் அவகிட்ட சொல்லலைன்னு புரிஞ்சுது. நான் உடைக்கலை. சரிம்மான்னு எழுந்து வந்துட்டேன். என்கிட்ட இப்போ எதுவும் கேக்காதே. முதல்ல அங்கே போ" என்று வைத்துவிட்டார்.

நேற்று ஞாயிறு. பத்து மணிக்கு அங்காடிக்குப் போனேன். கூட்டம் இருந்தது. மாமாவைப்போல நடந்துவிட்டு வருகிறவர்கள், கார் நிறுத்திவிட்டு வாங்குகிறவர்கள் என்று நிறையப் பேர். அம்மா முன்னால் போய் நின்று, "அம்மா" என்று கூப்பிட்டேன். அவள் தலையை நிமிர்த்தவில்லை. கத்தியை நிறுத்தாமல், "இன்னா சார் வோணும்?" என்றாள்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் அம்மா, அவர்களுக்கு உன்னைத் தெரியும், எல்லாம் தெரிந்துதான் சனிக்கிழமை உன்னிடம் வந்து கேட்டார்கள் என்றேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கத்தியைக் கீழே போட்டாள். "ஐயோ, நான் ஒண்ணும் சொல்லலடா, சத்தியமா ஒண்ணும் சொல்லல" என்றாள். உனக்கு மகனே இல்லை என்று சொன்னாயாமே என்றேன். அதற்குமேல் அங்கே உட்கார்ந்து நான் அழுதேன், ஜெனி. ஒரு அம்மா சங்கரா வாங்க வந்து, எங்களைப் பார்த்து ஒன்றும் புரியாமல் பையோடு நின்றார்.

அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். முந்தானையால் என் முகத்தை அவசரமாகத் துடைத்தாள். "எந்திரிச்சுப் போடா, தெரிஞ்சவங்க யாராச்சும் பாத்துரப் போறாங்க" என்றாள்.

"பார்க்கட்டும்மா" என்றேன்.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்புறம் சங்கராவை என் பக்கம் தள்ளி, "அப்ப இந்தம்மாவுக்கு வெட்டிக் குடு. வால வுட்டுட்டு வெட்டு" என்றாள்.

அஜித்